எஸ்கிஷெஹிர்ல மீர்ஷாம் பைப்: கல்லைக் காட்டி விக்கிற ஒரு பட்டறை

போன வருஷம் ஆன்லைன்ல ஒரு மீர்ஷாம் பைப் வாங்கினேன், அதாவது மீர்ஷாம்ங்கற வெள்ளைக் கல்லுல செதுக்கின புகையிலை பைப், அசல் துருக்கி கல்லுன்னு போட்டிருந்தாங்க. கையில எடுத்ததுமே கனமா இருந்துச்சு, ஆறு மாசம் தினமும் புடிச்சும் நிறம் இம்மி கூட மாறல. பழக்கமுள்ள ஒருத்தர்கிட்ட காட்டினப்பதான் தெரிஞ்சுது, செதுக்கும்போது உதிர்ற தூளை பசை போட்டு அழுத்தி கட்டியாக்கி அதுல செஞ்சதுன்னு. அந்தக் கடை பேரு இங்க வேண்டாம். ஆனா அந்த வயித்தெரிச்சல்லதான் அங்காராவுக்கு ஆபீஸ் வேலையா போனப்ப ஒரு நாள் லீவு சேத்து எஸ்கிஷெஹிருக்கு ட்ரெயின் ஏறினேன், ஹைஸ்பீட் ட்ரெயின்ல ஒன்றரை மணி நேரம்தான்.

ஏன் அந்த ஊருன்னா, பைப் செதுக்குற தரத்துல உள்ள மீர்ஷாம் இந்த ஊரைச் சுத்தி இருக்கிற கிராமங்கள்ல மண்ணுக்கடியிலருந்துதான் பெரும்பாலும் வருது. அதுல ஒரு கிராமத்துக்கு பேரே பெயாஸ்அல்தின், அதாவது வெள்ளைத் தங்கம். மீர்ஷாம்ங்கறது ஜெர்மன் பேரு, கடல் நுரைன்னு அர்த்தம், ஆனா கடலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. துருக்கிக்காரங்க லூலெதாஷின்னு சொல்றாங்க, லூலென்னா சுங்கானோட கிண்ணம், தாஷ்னா கல்லு. ஒரு காலத்துல கல்லை அப்படியே வண்டி வண்டியா ஏத்தி வியன்னாவுக்கு அனுப்பி அங்கதான் செதுக்குவாங்க, பேரும் காசும் அவங்களுக்குப் போச்சு. 1970கள்ல துருக்கி அரசாங்கம் செதுக்காத கல்லை வெளிய அனுப்பக்கூடாதுன்னு தடை போட்டுடுச்சு. என்னைக் கேட்டா ரொம்ப நல்ல முடிவு, கல்லு எங்க வெளையுதோ அங்கயே கைத்தொழிலும் நிக்கணும்.

பழைய ஊர்ப்பகுதி ஒதுன்பஸாரில அட்லிஹான்னு ஒரு கைவினைச் சந்தை இருக்கு, முற்றத்தைச் சுத்தி சின்னச் சின்ன கடைங்க. முதல் நாலஞ்சு கடையில கண்ணாடி அலமாரில வெச்சு விக்கிறாங்க, அவ்ளோதான். நான் சொல்ல வந்த பட்டறை அங்கருந்து ரெண்டு தெரு தள்ளி. உஸ்தாவுக்கு, அதாவது செதுக்குற மாஸ்டருக்கு, அறுபது வயசு இருக்கும், அவர் பையன் இங்கிலீஷ் பேசுறார். உள்ள போனதும் டீ கொடுத்தாங்க, அடுத்து பைப்பைக் காட்டல, ஈரச் சாக்கு மூடின ஒரு பெட்டியத் திறந்து கல்லைக் காட்டினாங்க. அங்கயே எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு.

செம்மண் அப்பின சேப்பங்கிழங்கு மாதிரி கோணல்மாணலா கிடக்குது, பெருசுன்னா ரெண்டு கைப்பிடி அளவு. பாறையா வெட்டி எடுக்கிற கல்லு இல்ல இது, கிணறு மாதிரி குழி இறக்கி பக்கவாட்டுல சுரங்கம் போட்டு மண்ணுக்குள்ள தனித்தனியா புதைஞ்சிருக்கிற உருண்டையத் தேடி எடுக்கணும். பெரிய கல்லு அபூர்வம், பெருசா இருந்து உள்ள பழுதும் இல்லன்னா இன்னும் அபூர்வம், விலையோட பெரும் பங்கு அங்கதான் போகுது.

உஸ்தா ஒரு கல்லை எடுத்து மண்ணைச் சுரண்டி கத்தியால சீவினார், ஈர சோப்பைச் சீவுற மாதிரி சுருள் சுருளா வருது. நம்ம ஊர் கல்சட்டி செய்யற மாக்கல்லும் மெதுவான கல்லுதான், ஆனா அது கனம், இது காய்ஞ்சா தண்ணியில மிதக்கும். காய்ஞ்ச துண்டு ஒண்ணைக் கொடுத்து நாக்குல வைங்க அபின்னார் பையன் (அங்க அபின்னா அண்ணன்), வெச்சேன், நாக்கு அப்படியே கல்லோட ஒட்டிக்கிச்சு. அவ்ளோ நுண்துளை. புடிக்கும்போது புகையில இருக்கிற ஈரத்தையும் தாரையும் உறிஞ்சிக்கிறது இந்தத் துளைங்கதான், அதனாலதான் புகை காய்ஞ்சு இதமா வருது, கல்லும் வருஷக்கணக்குல வெள்ளையிலருந்து மஞ்சளாகி பழுப்பாகுது.

சீவிக்கிட்டே இருக்கும்போது நடுவுல ஒரு பழுப்பு நரம்பு தெரிஞ்சுது. உஸ்தா நிறுத்திட்டு திருப்பித் திருப்பிப் பாத்து பென்சிலால ஒரு கோடு போட்டு தனியா வெச்சார். இது சுல்தான் தலை, நரம்பு தாடிக்குள்ள போயிடும்னு பையன் சொன்னார். அதைக் கேட்டதும் என் எண்ணமே மாறிடுச்சுங்க, ஏன்னா நான் போனதே தலைப்பாகையும் தாடியுமா ஒரு சுல்தான் தலை வாங்கத்தான். வேலைப்பாடு செஞ்ச பைப்ல பழுதை மறைக்க இடம் இருக்கு, வழவழன்னு சாதாரணமா இருக்கிற பைப்ல ஒரு புள்ளி கூட ஒளிய முடியாது, அதுக்கு சுத்தமான கல்லு வேணும். அலமாரில பாக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருந்த பைப் விலை ஏன் அதிகம்னு அப்பதான் புரிஞ்சுது. சுல்தான் செதுக்குற கை சாதாரண கை இல்ல, அது வேற, ஆனா புடிக்கிறதுக்குன்னா நான் சாதா பைப்பைத்தான் சொல்லுவேன், அதைத்தான் வாங்கினேன்.

காய வெச்சு தேய்ச்சு முடிச்சிருந்த ஒண்ணை என் கண்ணு முன்னாடியே உருக்கின தேன்மெழுகுல முக்கி எடுத்தார். சுண்ணாம்பு மாதிரி வறண்டு கிடந்தது வெளிய வரும்போது தந்தம் மாதிரி இருக்கு, துணியால அஞ்சு நிமிஷம் தேய்ச்சதும் ஜன்னல் வெளிச்சம் அதுல தெரியுது.

குறையும் சொல்லிடறேன். புகைத்துளை கிண்ணத்தோட அடியிலருந்து கொஞ்சம் மேல இருக்கு, அதனால கடைசி புகையிலை முழுசா எரியாம ஈரமா நிக்குது, வாங்கும்போதே கம்பியை விட்டுப் பாத்துடுங்க, நான் பாக்காம விட்டுட்டேன். அக்ரிலிக் வாய்க்குழாய் முதல் ரெண்டு வாரம் ரொம்ப இறுக்கமா இருந்துச்சு. காலையில பையன் இருக்க மாட்டார், துருக்கி தெரியாதவங்க மதியத்துக்கு மேல போறது நல்லது. விலை இங்க போடல, லிரா நிலவரத்துக்கு அது சீக்கிரமே பழசாயிடும், ஆனா முற்றத்துக் கடைங்களை விட அதிகம்தான், கல்லைப் பாத்ததுக்கு அப்புறம் எனக்கு அது உறுத்தல. புகை பழக்கம் இல்லாதவங்களுக்கு அதே கல்லுல ஜபமாலை, கம்மல் எல்லாம் இருக்கு. பக்கத்துலயே குர்ஷுன்லு மசூதி வளாகத்துல லூலெதாஷி மியூசியம் இருக்கு, அதைப் பாத்துட்டு கடைக்குப் போங்க, கண்ணு பழகிடும்.

வீட்டுக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. சூடா இருக்கும்போது கிண்ணத்தைத் தொடாதீங்க, குழாயைத் திருகாதீங்க, மர பைப்ல மாதிரி உள்ள கரி கட்ட விடாதீங்க, கரி விரிஞ்சா கல்லு வெடிக்கும்னு உஸ்தா சொன்னதை அப்படியே கேட்டு நடக்கறேன். கிண்ணத்துக்குக் கீழ குழாய் சேர்ற இடத்துல நல்லெண்ணெய் கலர் ஏற ஆரம்பிச்சிருக்கு. ஒரு வருஷம் கழிச்சு எடுத்துட்டு வாங்க, திரும்ப மெழுகு போட்டுத் தரேன், காசு வேணாம்னு சொல்லி அனுப்பினார். மார்ச்ல மறுபடி அங்காரா வேலை இருக்கு, பைப்பைக் கையோட எடுத்துட்டுப் போறேன்.