விம்மா, விஎஸ் கோடா?

ஃப்ரீலான்ஸ் வேலையில் அடிக்கடி புது கிளையன்ட், புது கோட். கோட் எழுதும் இந்த இரண்டு எடிட்டர்களில், அதற்கு என் ஓட்டு விஎஸ் கோடுக்கே. ஃபோல்டரைத் திறந்தால் எந்த எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி) தேவைப்படலாம் என்று பெரும்பாலும் அதுவே பரிந்துரைக்கும். பிழை தேடும் டீபகரும், கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டைக் கையாளும் வசதியும் உள்ளேயே இருக்கின்றன. ஆனால் மைக்ரோசாஃப்ட் 2015-இல் அறிமுகப்படுத்திய இந்த எடிட்டர் ஓடுவது எலக்ட்ரானில், அதாவது உள்ளுக்குள் ஒரு குரோமியம் பிரவுசரே இருக்கிறது. ஆப்களைத் தனித்தனி கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரும் சேர்ந்தால் 8 ஜிபி லேப்டாப்புக்கு மூச்சு வாங்கும்.

பிராம் மோலெனார் 1991-இல் வெளியிட்ட விம் இலகுவானது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கம்ப்யூட்டரை இயக்க உதவும் பாதுகாப்பான இணைப்பு) வழியே லினக்ஸ் சர்வருக்குள் நுழைந்தால் பெரும்பாலும் விம்மோ அதன் மூதாதையான விஐயோ தயாராக இருக்கும். நெட் அறுந்தாலும், சர்வரில் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் திறந்திருந்தால் விட்ட இடத்திலேயே தொடரலாம். பழகத்தான் பொறுமை வேண்டும். வெளியேறத் தெரியாமல் விழிப்பவர்களைப் பற்றிய ஜோக்குகள் சும்மா வரவில்லை. அப்புறம், விம் கான்ஃபிகை நோண்டும் நேரத்துக்கு எந்த கிளையன்ட்டும் காசு தரமாட்டார்.