ஷூட்டரை எடுத்துவிட்டு ஸ்ட்ராட்டஜி போட்டேன்

நாலு வருடமாக ஷூட்டரை, அதாவது துப்பாக்கிச் சண்டை கேம்களைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. போன மாதம் மன்னார்குடி வீட்டுப் பிசியில் அவற்றை எல்லாம் எடுத்துவிட்டு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற ஸ்ட்ராட்டஜி கேமை, அதாவது ஊர் கட்டிப் படை திரட்டித் திட்டம் போட்டு ஆடுவதைப் போட்டேன். ஷூட்டர் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது, மற்ற வகைகள் எல்லாம் முடிந்துபோன கதை என்று கூட ஆடுகிற பையன்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

ஷூட்டரின் பலம் எல்லாருக்கும் தெரியும். பல கேம்கள் இலவசம், கூப்பிட்டால் நாலு பேர் உடனே வருவார்கள், பத்து இருபது நிமிடத்தில் ஒரு மேட்ச் முடிந்துவிடும். கூட்டத்தை வைத்துப் பார்த்தால் அதுதான் முதலிடம், அதில் சந்தேகமே இல்லை.

நான் மாறியதற்குக் காரணம் சர்வர். ஆன்லைன் ஷூட்டர் கம்பெனியின் சர்வரில்தான் ஓடும், நம் கையில் இல்லை. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்குத் தடை வந்தது, அக்டோபர் கடைசியில் இந்தியாவில் சேவையே நின்றது. 2024 ஆகஸ்டில் சோனி வெளியிட்ட கான்கார்ட் என்ற ஷூட்டர் இரண்டே வாரத்தில் மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, கேம் கிடைக்கவில்லை. ஷூட்டருக்கு எப்போதும் கூட்டம் இருக்கும், சரி. ஆனால் நாம் பழகிய அந்த ஒரு ஷூட்டர் அடுத்த வருடம் இருக்குமா?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வந்தது 1999இல். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் தெருவில் மூன்று வாரம் கரண்ட் இல்லை. தண்ணீர்த் தொட்டி நிரப்ப வாடகை ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் லேப்டாப்பைச் சார்ஜ் போட்டுக்கொள்வோம். சித்தப்பா பையனும் நானும் இரண்டு லேப்டாப்பையும் லேன் கேபிளால் இணைத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஆடியது இந்தப் பழைய கேமைத்தான். நெட்டே தேவைப்படவில்லை. அப்புறம் 2019இல் அதற்குப் புதுப் பதிப்பு வந்தது. 2022இல் வந்த இந்திய விரிவாக்கத்தில் திராவிடர் என்று தனி நாகரிகமே சேர்த்தார்கள். குதிரைப்படை சுமார்தான், ஆனால் மீன்பிடிப் படகுகள் கூடுதல் சுமை தூக்கும், உருமி என்ற சுருள்வாள் ஏந்திய வீரர்கள் உண்டு, ராஜேந்திர சோழன் பேரில் ஒரு முழுப் படையெடுப்பே இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையனுக்கு அதை ஆடும்போது வரும் சந்தோஷமே தனி. இருபது வருடம் தாண்டியும் புதுப் பகுதி வருகிற வகையைச் செத்துப்போனது என்று எப்படிச் சொல்வது?

விவசாய வகையிலும் இதே கதைதான். ஸ்டார்டியூ வேலி 2016இல் ஒரே ஆள் உருவாக்கிய கேம், 2024இலும் இலவசமாகப் பெரிய அப்டேட் வந்தது. அதில் நெல் நாற்றைத் தண்ணீர் ஓரம் நட்டால் சீக்கிரம் விளையும். அப்பாவிடம் காட்டினேன், தலையாட்டினார்.

சண்டை கேம்களை நண்பன் வீட்டில் சில மணி நேரம்தான் ஆடியிருக்கிறேன், அதனால் அந்த வகை பற்றி என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்ட்ராட்டஜியிலும் பெரும்பாலும் கம்ப்யூட்டரை எதிர்த்தே ஆடுகிறேன். ஆன்லைன் தரவரிசை ஆட்டத்தில் மூன்றே மேட்ச், மூன்றிலும் தோல்வி.

போனில் மட்டும் ஒரு ஷூட்டர் வைத்திருக்கிறேன். ஞாயிறு ராத்திரி பையன்கள் கூப்பிட்டால் போவேன்.