பழைய சென்டர்பின் ரீல் வாங்கப் போகிறீர்களா? அந்தச் சுழலும் வீடியோவை நம்பாதீர்கள்

இங்கிலாந்தில் ஆற்று மீன்பிடிப்பில் இறங்கியிருக்கும் நம்மவர்களில் சிலர் இப்போது பழைய சென்டர்பின் ரீல், அதாவது தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் சக்கரம், தேடுகிறார்கள். ஆல்காக், யங், ஹார்டி என்று செய்த கம்பெனிகளின் பெயர்கள் அடிபடுகின்றன. இணையத்தில் 240 பவுண்ட் கொடுத்து நான் வாங்கிய ஒரு ரீலின் கதை இது. வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள்.

சென்டர்பின்னில் பெரிய இயந்திரம் ஒன்றும் கிடையாது. பின்தட்டில் நிற்கும் ஓர் எஃகு அச்சு, அதன்மேல் சுற்றும் டிரம், சத்தம் கொடுக்க ஒரு கிளிக்கர். பல்சக்கரம் இல்லை. ரோச், டேஸ், கிரேலிங் போன்ற ஆற்று மீன்களைப் பிடிக்கத் தக்கையை நீரோட்டத்தில் விடுகிறோம் அல்லவா, அப்போது தக்கை இழுக்கிற அந்தச் சிறு இழுப்புக்கே டிரம் நகர்ந்து நரம்பை விட வேண்டும். நகரத் தயங்கினால் தக்கை தண்ணீரோடு போகாமல் பின்தங்கும், இரை மேலே தூக்கும், மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆகவே பணம் கொடுப்பது அச்சும், டிரம்மின் நடுத்துளையில் இருக்கும் புஷ்ஷும் பொருந்தியிருக்கிற பொருத்தத்துக்குத்தான். மற்றதெல்லாம் அலங்காரம்.

விளம்பரத்தில் இருந்தது: ஆல்காக் மேட்ச் ஏரியல், 1950களைச் சேர்ந்தது, அசல் நிலை, நேராக ஆற்றுக்கு எடுத்துப் போகலாம். கூடவே ஒரு வீடியோ. விரலால் ஒரு தட்டு, டிரம் ஒரு நிமிடத்துக்கு மேல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பெட்டி வந்ததும் முதலில் கண்ணில் பட்டது பளபளப்பு. பழைய ஏரியலின் கறுப்புப் பூச்சை முழுக்கச் சுரண்டி பாலிஷ் போட்டிருந்தார்கள். சரி, அது ரசனை விஷயம் என்று விட்டுவிடலாம். டிரம்மை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தேன். ஆடியது. மெதுவாகச் சுற்றிவிட்டுக் காதருகே வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ‘சர்க்’ என்று ஓர் உரசல். பின்தட்டின் உட்பக்கம், ரீலைத் தூண்டிலில் பொருத்தும் காலுக்கு இடப்புறமாக, அரைவட்டத்தில் ஒரு தேய்ந்த தடம். அது நேற்று வந்த தடம் இல்லை.

லேத் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் பக்கம் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். டிரம்மைக் கழற்றினார், மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார், சிரித்தார். “தம்பி, இது ஒரு ரீல் இல்லை, ரெண்டு ரீல்” என்றார். பின்தட்டு ஒரு ரீலுடையது, டிரம் வேறொன்றுடையது. துளை அச்சைவிடப் பெரிதாக இருந்ததால் உள்ளே மெல்லிய பித்தளைக் குழல் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அதுவும் லேசாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பின்தட்டில் கிளிக்கர் பட்டனுக்குப் பக்கத்து ஸ்க்ரூ ஒன்றுக்கு மட்டும் புத்தம் புதிய ஸ்டார் தலை.

அப்படியென்றால் வீடியோவில் எப்படி அவ்வளவு நேரம் சுற்றியது? அதில்தான் வித்தை. நரம்பு இல்லாத வெறும் டிரம், தண்ணீர் மாதிரி மெல்லிய எண்ணெய், கிடைமட்டமாகப் பிடித்த ரீல், ஓங்கி ஒரு தட்டு. கனமான டிரம் என்றால் ஒருமுறை வேகம் பிடித்த பிறகு தன் எடையாலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிற டிரம் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதற்கும், நிற்கிற டிரம் எவ்வளவு சின்ன இழுப்புக்கு அசைகிறது என்பதற்கும் சம்பந்தம் குறைவு. ஆற்றில் நமக்குத் தேவை இரண்டாவது.

அதைச் சோதிப்பது சுலபம். நரம்பு ஏற்றி, தூண்டிலில் பொருத்தி, நரம்பின் நுனியில் தக்கைக்கு எடையாகப் போடும் சிறு குண்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டித் தொங்கவிடுங்கள். ஏஏஏ அளவுக் குண்டு ஒன்று 0.8 கிராம். என்னிடம் இருக்கும் பழைய யங் ரேபிடெக்ஸ் இரண்டு மூன்று குண்டுக்கே அசைந்துவிடும். புதிதாக வந்த ‘ஏரியல்’ ஏழெட்டுக் குண்டு கட்டிய பிறகும் யோசித்துக்கொண்டிருந்தது. டிரம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வெவ்வேறு நிலைகளில் இதைச் செய்ய வேண்டும். எப்போதும் ஒரே இடத்தில் வந்து நின்றால் அச்சு வளைந்திருக்கிறது, அல்லது டிரம் கோணியிருக்கிறது. நைலான் நரம்பை இறுக்கமாகச் சுற்றி வருடக்கணக்கில் அப்படியே வைத்திருந்தாலும் அது டிரம்மை நெருக்கி விளிம்புகளை வெளியே தள்ளிவிடும். பழைய ரீல்களில் இதைக் கவனித்துப் பாருங்கள்.

பெயர் முத்திரையையும் தனியாக நம்ப வேண்டாம். ஏரியலை வடிவமைத்தவர் நாட்டிங்ஹாம்காரர் ஹென்றி காக்ஸன், செய்தது ரெடிச் ஊரின் ஆல்காக் கம்பெனி. அதே ரெடிச்சில் ஜே. டபிள்யூ. யங் நிறுவனம் தன் பெயரிலும் செய்தது, மற்றக் கடைகளுக்கு அவர்கள் பெயர் போட்டும் செய்து கொடுத்தது. ஆகவே கேள்விப்படாத கடைப் பெயர் இருந்தாலும் உள்ளே அருமையான யங் ரீல் இருக்கலாம். பெரிய பெயர் இருந்தாலும் உள்ளே என்னிடம் வந்தது மாதிரி ஒட்டுப்போட்டது இருக்கலாம். மீன் பிடிக்கத்தான் என்றால் யங்கின் ரேபிடெக்ஸோ டிரூடெக்ஸோ போதும் என்பது என் கருத்து. விலையும் பாதிக்குக் கீழே. நாட்டிங்ஹாம் மரரீல்கள் அலமாரிக்கு அழகு, ஈரம் பட்டால் மரம் கோணும்.

இனி பணம் திரும்பிய கதை. விற்றவரின் முதல் பதில்: “பழைய பொருள், உள்ளபடியே விற்றது, திருப்பி எடுப்பதில்லை.” இரண்டாவது பதில்: “நான் வியாபாரி இல்லை, என் சொந்தச் சேகரிப்பை விற்கிறேன்.” மாதம் முழுக்க ரீலாக விற்றுக்கொண்டிருக்கும் ஆள் சொன்னது இது! வியாபாரியா தனியாளா என்பது ஏன் முக்கியம் என்றால், வியாபாரியிடம் இணையத்தில் வாங்கிய பொருளை 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். சொன்னபடி இல்லாத பொருள் என்றால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப் பணமும் கேட்கலாம். தனியாளிடம் இவ்வளவு பிடி கிடையாது, ஆனால் அவரும் விளம்பரத்தில் சொன்னதற்குப் பொறுப்பு.

அவருடைய இணையப் பக்கத்தின் விற்பனைப் பட்டியலைப் படமெடுத்து அனுப்பிய பிறகு ரீலைத் திருப்பி வாங்க ஒப்புக்கொண்டார். நான் குண்டு கட்டிச் சோதித்ததை ‘உபயோகித்துவிட்டீர்கள்’ என்று சொல்லி 60 பவுண்டைப் பிடித்துக்கொண்டார். கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால், 1974ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவைச் சொல்லி கார்டு நிறுவனத்திடம் போனேன். 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள பொருளுக்கு அவர்களும் பொறுப்பாளி. மீதியும் வந்தது, அலைச்சல்தான் மிச்சம்.

இன்னொன்று, மாதத்தைப் பாருங்கள். இங்கே மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் இந்த மீன்களைப் பிடிக்கத் தடை. ஏப்ரலில் ரீல் வாங்கி, ‘சீசன் தொடங்கட்டும்’ என்று அலமாரியில் வைத்தால், ஜூன் 16 அன்று ஆற்றில் குறை தெரியும்போது அந்த 30 நாள் என்றோ போயிருக்கும். எனக்கு விற்றவரின் பழைய பட்டியலில் விலை கூடிய ரீல்கள் பெரும்பாலும் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும்தான் போயிருக்கின்றன.

என்னிடமிருந்து திரும்பிப் போன ரீல் மறுபடி விற்பனைக்கு வந்துவிட்டது. 20 பவுண்ட் கூட, ‘அசல் நிலை’ என்ற இடத்தில் ‘கவனமாகப் பராமரித்தது’ என்று மாற்றம், வீடியோ அதேதான். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கினால் அந்த ஸ்டார் தலை ஸ்க்ரூ தெளிவாகத் தெரிகிறது.