முதல் தொகுதியை அச்சேற்றிய அனுபவம்

தருமபுரத்தில் இருந்துகொண்டு முதல் சிறுகதைத் தொகுதியை எங்கே அச்சிடுவது என்று ஒரு வருசம் விசாரித்தேன். கடைசியில் கிளிநொச்சி நகரில் ஒரு சின்ன அச்சகத்தில் 300 பிரதி அடித்தேன். கலியாணக் கார்ட்டும் கோயில் திருவிழா நோட்டீசும் அடிக்கிற இடம்தான். முதல் புத்தகம் போட நினைக்கிற வன்னிப் பிள்ளைகளுக்கு நான் அந்த மாதிரி இடத்தையே சொல்வேன். பஸ் ஏறிப் போய், புரூப்புக்கு, அதாவது அச்சடிக்கமுன் பிழை பார்க்க எடுக்கிற தாளுக்கு, பக்கத்தில் உட்கார முடிகிற இடம் வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். நான் யூனிகோடில் தட்டச்சுச் செய்து கொடுத்தேன். அவர்கள் வேலை செய்வது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில். அதில் யூனிகோட் ஓடாது. எல்லாவற்றையும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினார்கள். ஏ9 வீதியை நான் ஆங்கில ‘A’ எழுத்துப் போட்டு அடித்திருந்தேன். பாமினியில் அந்த எழுத்து ‘யு’ ஆகிவிடும். ஓமந்தையில் இருந்து ஆனையிறவு வரைக்கும் என் கதைமாந்தர் எல்லோரும் ‘யு9 வீதி’யில் நடந்துகொண்டிருந்தார்கள்! பதினான்கு இடம். திரையில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தாளில் எடுத்து, அடிமட்டம் வைத்து வரிவரியாக வாசித்தபோதுதான் பிடிபட்டது. மூன்று பின்னேரம் அச்சகத்தில் வேலை செய்கிற தம்பி என்னோடு இருந்து திருத்தினார். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை.

அடுத்தது பக்கக் கணக்கு. என் தொகுதி 118 பக்கம் வந்தது.

“ரீச்சர், பதினாறு பதினாறாத்தான் மடிக்கிறது. 112 ஆக்குங்கோ, இல்லாட்டி 128 ஆக்குங்கோ. இடையில நிண்டால் தாள் வீண்” என்றார் தம்பி.

பதினாறு பக்கம் ஒரு போம். ஏழு போமா, எட்டுப் போமா என்பதுதான் கேள்வி. எழுத்தைச் சிறிதாக்கினால் 112க்குள் அடங்கும் என்றும் சொன்னார். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. எங்கள் வாசிகசாலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கண்ணாடி போட்டவர்கள். அன்றிரவு முழுக்க யோசித்து, ஆறு பக்கக் கதை ஒன்றை எடுத்துவிட்டேன். மனம் கஷ்டப்பட்டதுதான். ஆனால் அந்தக் கதை போனபிறகு தொகுதி இறுகி நிற்கிறது.

ஒரு பிரதிக்கு 480 ரூபா முடிந்தது, பாதிக் காசு முற்பணம். 2022இல் தாள் தட்டுப்பாடு வந்தபிறகு விலை பழைய நிலைக்கு இறங்கவேயில்லை என்றார்கள். குறை ஒன்று இருக்கிறது. பசை ஒட்டிய கட்டு எங்கள் வெயிலுக்குத் தாங்கவில்லை. பதினேழு பிரதியில் நடுப்பக்கங்கள் கழன்று வந்தன. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், காசு வாங்காமல் மறுபடி கட்டித் தந்தார்கள். என்றாலும் முதலிலேயே தைத்துக் கட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

இதற்கு முன் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கும் எழுதினேன். எட்டு மாதம் பதிலில்லை. பிறகு, 200 பிரதியை நானே வாங்கினால் போடலாம் என்றார்கள். கடல் தாண்டி வருகிற பார்சல் கூலியைக் கேட்டதும் விட்டுவிட்டேன். அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் மின்நூல் உரிமையும் அவர்களுக்கே, எத்தனை வருசத்துக்கு என்றே இல்லை. அப்படியான தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். சென்னைப் புத்தகக் கண்காட்சியில் நம் புத்தகம் இருந்தால் சந்தோசம்தான், ஆனால் முதல் புத்தகத்தை வாங்கப்போகிறவர்கள் பரந்தனிலும் விசுவமடுவிலும் அல்லவா இருக்கிறார்கள்?

ஐஎஸ்பிஎன் என்கிற, புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணைக் கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலகம் தருகிறது. இலங்கை எண்கள் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். நீங்களே வெளியீட்டாளர் என்றால் உங்கள் பெயரிலேயே எடுங்கள். எண் இல்லாவிட்டால் பதிப்புரிமை போய்விடும் என்று ஒருவர் என்னைப் பயமுறுத்தினார். அது பிழை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே உரிமை நமக்கு. நாம் செத்தபிறகும் 70 வருசம் நிற்கும்.

அமேசன் கிண்டிலில் தமிழ் மின்நூல் போடக் கைக்காசு தேவையில்லை, ஐஎஸ்பிஎன்னும் கட்டாயமில்லை. விலையையும் விற்கிற நாட்டையும் பொறுத்து, விற்ற விலையில் 35 அல்லது 70 வீதம் நமக்குத் தருவார்கள். கனடாவில் இருக்கிற தங்கச்சிக்காகப் போட்டேன். அவ வாசித்தா, இன்னும் நாலைந்து பேர் வாசித்தார்கள். அவ்வளவுதான்.

விற்பனை என்று பார்த்தால் வெளியீட்டு விழாதான் கைகொடுத்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்தோம். 700 ரூபாப் புத்தகத்துக்குக் கடிதஉறையில் ஆயிரம், இரண்டாயிரம் என்று வைத்தார்கள். செலவில் பாதிக்கு மேல் அன்றைக்கே திரும்பியது. கடையில் கொடுத்தால் 35 வீதம் கழிவு.

பிடிஎஃப் பிரதியை, ஈழத்து நூல்களைச் சேமித்து வைக்கிற ‘நூலகம்’ இணையத்தளத்துக்கும் அனுமதிக் கடிதத்தோடு கொடுத்தேன். 2009 போரில் இரணைப்பாலையில் கதை எழுதிய இரண்டு கொப்பியை விட்டுவிட்டு ஓடியவள் நான். அதனால் இதில் மட்டும் ஒருநாள்கூடப் பிந்தவில்லை.

கையில் இன்னும் 41 பிரதி இருக்கிறது. அது முடிந்ததும் அதே அச்சகத்தில்தான் இரண்டாம் பதிப்பு. இந்தமுறை நூல் தையல்.