காஸ் தொட்டியா, கிரிப்ட் தொட்டியா? கொழும்புத் தொடர்மாடி வீட்டுக்கு எந்தச் செடித்தொட்டி

வரவேற்பறையில் இரண்டடித் தொட்டி ஒன்று வைத்து, அதில் செடியும் மீனும் வளர்க்க நினைப்பவர்களுக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. முதலாவது காஸ் தொட்டி: செடிக்குக் காபனீரொட்சைட்டு ஊட்டும் சிலிண்டர், கடும் வெளிச்சமுள்ள எல்.ஈ.டி, கடையில் பையில் வரும் அக்வாசொயில், சிவப்புத் தண்டுச்செடி, தரையெங்கும் பச்சைக் கம்பளம். இரண்டாவது கிரிப்ட் தொட்டி: கிரிப்ட் எனப்படும் கிரிப்டோகொரைன் நீர்ச்செடிகள், தோட்டத்து மண், மேலே மணல், மிதமான லைட், சிலிண்டர் கிடையாது. யூடியூபில் மயக்குவது பெரும்பாலும் முதலாவதுதான். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் மூன்றாம் மாடியில் இருப்பவருக்கு நான் சொல்வது இரண்டாவதை.

முதல் காரணம் சூடு. ஏசி இல்லாத கொழும்பு அறையில் தொட்டித் தண்ணீர் 28 முதல் 30 பாகை வரை நிற்கும். தண்ணீர் சூடாக ஆக அதில் வாயு கரைவது குறையும். 25 பாகையில் ஒரு லீற்றரில் 8.2 மில்லிகிராம் அளவுக்கு ஒட்சிசன் கரையும். 30 பாகையில் அது 7.5. அதே சூட்டில் மீனுக்கோ கூடுதல் ஒட்சிசன் வேண்டும். காபனீரொட்சைட்டும் கெதியாகவே வெளியேறிவிடும். லீற்றருக்கு 30 மில்லிகிராம் என்று எல்லோரும் சொல்லும் அளவைப் பிடிக்க வால்வை இன்னும் கொஞ்சம் திறப்பீர்கள். காஸ் அளவைக் காட்ட உள்ளே ஒட்டியிருக்கும் சின்னக் கண்ணாடிக் குமிழில் திரவம் நீலம் என்றால் காஸ் போதாது, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் அதிகம். அந்த நிறம் மாறவே ஓரிரு மணித்தியாலம் எடுக்கும். மஞ்சளை நீங்கள் பார்க்கும்போது மீன்கள் ஏற்கெனவே மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். மின்விசிறி வைத்துக் குளிர்விக்கலாம் என்பார்கள். தண்ணீர் ஆவியானால்தானே குளிரும்? நம் ஊர்க் காற்றில் ஈரம் கூட, அதனால் பலன் கொஞ்சம்தான்.

அடுத்தது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததற்கே நாடு முழுக்க இருண்டது. கரண்ட் போனால் காஸைத் திறந்து மூடும் மின்வால்வு (சொலினொயிட்) தானாக மூடிக்கொள்ளும், அது நல்லது. ஆனால் சுழல் டைமர் கரண்ட் போன நேரமளவு பிந்திவிடும். ஒரு நாள் காலையில் லைட், மறுநாள் மத்தியானம் லைட், காஸ் ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய. இந்தத் தடுமாற்றத்தில்தான் கறுப்புத் தூரிகைப் பாசி இலை ஓரங்களைப் பிடிக்கும்; பிடித்த இலையை வெட்டி எறிவதுதான் எளிய வழி. மூடிய கெனிஸ்டர் பில்டருக்குள் இருக்கும் நல்ல பக்டீரியாவும் சில மணித்தியாலத்தில் ஒட்சிசன் இல்லாமல் மூச்சுத் திணறும். கிரிப்ட் தொட்டியில் ஸ்பொஞ் பில்டர் திறந்த தண்ணீரிலேயே இருப்பதால் அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

தண்ணீர் விசயத்தில் நமக்குக் குறையில்லை. அம்பத்தலையில் சுத்திகரித்து வரும் களனி ஆற்றுத் தண்ணீர் மென்தண்ணீர். இரண்டு தொட்டிக்கும் ஏற்றது. குளோரீனை மட்டும் நீக்கிவிட்டு ஊற்ற வேண்டும். வித்தியாசம் வாளியில். காஸ் தொட்டிக்குக் கிழமைக்கு ஒருமுறை பாதித் தண்ணீர், அதாவது இரண்டரை, மூன்று வாளி. கிரிப்ட் தொட்டிக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு வாளி போதும்.

மண்ணுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. அக்வாசொயில் முதல் சில கிழமைகள் அமோனியா விடும். அதுவரை மீன் விடமுடியாது. சலித்த செம்மண் இரண்டு சென்ரிமீற்றர், மேலே கழுவிய ஆற்றுமணல் மூன்று சென்ரிமீற்றர் என்பது மலிவு, நம் செம்மண்ணில் இரும்பும் தாராளம். கடல்மணல் வேண்டாம், உப்பும் சிப்பித்தூளும் கிடக்கும். எதுவானாலும் மீன் விடுவதற்கு முன்பிருந்தே பில்டரை ஓடவிடுங்கள். அசையாத தண்ணீரில் நுளம்புக் குடம்பி வந்தால் டெங்கு பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) இது அக்குவாரியம் என்று சொல்லித் தப்ப முடியாது.

காஸ் தொட்டிக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. மாலையில் ரொட்டாலா என்ற சிவப்புத் தண்டுச்செடியின் இலைகளில் குமிழி குமிழியாக ஒட்சிசன் நிற்பதன் வடிவே தனி. அந்தச் சிவப்பு, காஸ் இல்லாத தொட்டியில் வருவது கடினம். அறையில் எந்நேரமும் ஏசி ஓடுகிறது, கிழமைக்கு ஒருமுறை கத்தரிக்கோல் பிடிப்பது உங்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் தாராளமாக இறங்குங்கள். சிலிண்டர், ரெகுலேட்டர் செலவு தொட்டி விலையைத் தாண்டிப் போகும் என்பதை மட்டும் முதலே தெரிந்துகொள்ளுங்கள்.

மற்றவர்களுக்குக் கிரிப்ட். வென்டி, பெக்கெட்டி, வோல்கரி எல்லாமே இலங்கை ஆறுகளின் செடிகள். வெளிநாட்டுக்காரர் காசு கொடுத்து வாங்குவது நம் ஊர்ச் செடியை. கம்பளம் வேண்டுமென்றால் பார்வா இருக்கிறது, கிரிப்ட்களிலேயே சின்னது, ஆனால் பரவ ஒரு வருடமும் எடுக்கலாம். நட்ட சில நாளில் இலைகள் கண்ணாடிபோல் ஒளிபுகும் அளவுக்கு மெலிந்து, கூழாகிக் கரையும். பதறிப் பிடுங்காதீர்கள். கரைந்ததை மட்டும் எடுங்கள், வேரைத் தொடாதீர்கள். சில கிழமையில் நடுவில் புதுக்குருத்து எட்டிப்பார்க்கும். லைட் ஆறு மணித்தியாலம் போதும், யன்னல் வெயில் படக்கூடாது.

மீன் என்றால் நியோன் டெட்ரா வேண்டாம். அது கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரை விரும்பும் மீன், 29 பாகையில் கெதியாகச் சோரும். இலங்கைக்கே உரிய செரி பார்ப் மீன் எட்டு வாங்குங்கள். ஆற்றில் பிடித்ததா, பண்ணையில் வளர்ந்ததா என்று கடையில் கேட்டு, பண்ணை மீனையே எடுங்கள்.