417-ஆம் நம்பர் புத்தகம்: லாங் பஜார் வாடகை நூலகத்தில் எடுத்த ஒரு காதல் கதை

அட்டையும் கிடையாது, முதல் நான்கு பக்கமும் கிடையாது. வேலூர் லாங் பஜாரிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிற வாடகை நூலகத்தில், காலிகோ துணி ஒட்டி பைண்டு போட்டு, முதுகில் வெள்ளைப் பெயிண்டால் 417 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய மாத நாவல், சாணித்தாள். எடுத்துப் போகிற பெண்கள் எல்லாரும் "அந்த 417 வந்துடுச்சாண்ணா?" என்றுதான் கேட்கிறார்கள். நானும் மூன்று வாரம் அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். காத்திருந்தது வீண் போகவில்லை.

கதை இதுதான். சத்துவாச்சாரியில் தையல் கடை வைத்திருக்கிற 41 வயதுப் பெண். கணவர் விபத்தில் போய்விடுகிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போதே ஓர் அடகு ரசீது வெளியே வருகிறது, இவளுடைய நகை அத்தனையும் அதில் இருக்கிறது, அந்தப் பணத்தில் ராணிப்பேட்டையில் இன்னொரு குடித்தனம் நடந்திருக்கிறது, அங்கே இருப்பவள் இவள் பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வளர்ந்த தோழி. படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இப்படி ஆரம்பிக்கிற கதை எப்படிச் சிரிக்க வைக்கும் என்று நினைத்தேன், ஆனால் அடுத்த இருபதாவது பக்கத்தில் நான் வாய்விட்டுச் சிரித்து, பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த என் பெண் எழுந்து வந்து என்னம்மா ஆச்சு என்று கேட்டாள்.

அந்த இடம் புகைப்படத்தோடு அவள் போடும் சண்டை. செத்துப்போனவர் மேல் கோபம் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அவள் மாலை போட்ட படத்திடம் சொல்கிறாள். திங்கட்கிழமை திட்டிவிட்டுப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை சீரகச் சம்பா அரிசியில் பிரியாணி வைத்து, கத்தரிக்காயும் செய்து, அவருக்குப் பிடித்ததாயிற்றே என்று மனம் கேட்காமல் படத்தை நேரே திருப்பி வைக்கிறாள். திங்கட்கிழமை மறுபடியும் சுவர்ப் பக்கம். மூன்று நான்கு வாரம் இப்படியே போகிறது. துக்கமும் கோபமும் ஒரே வீட்டில் ஒரே ஆணியில் தொங்குவதை இவ்வளவு லேசாக, ஆனால் எதையும் குறைத்துச் சொல்லாமல் எழுதியிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. அவளை மன்னிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. கடைசி வரைக்கும் அவள் முழுசாக மன்னிக்கவும் இல்லை.

காதல் எப்படி வருகிறது என்றால், தையல் மெஷின் வழியாக வருகிறது. லாங் பஜாரில் மெஷின் ரிப்பேர் செய்கிறவர், 45 வயது, அதிகம் பேசாதவர். தைத்த துணியின் அடியில் நூல் சுருள் சுருளாக நிற்கிறது என்று ஆள் அனுப்புகிறார்கள், அவர் வந்து பார்க்கிறார், மேல் நூலின் டென்ஷன் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. முறுக்கிவிட்டுப் போகிறார். அடுத்த வாரமும் அதே ஸ்க்ரூ. அதற்கடுத்த வாரமும். தானாகத் தளர்கிற ஸ்க்ரூ இல்லை இது என்று அவருக்கு மூன்றாவது முறையே தெரிந்துவிடுகிறது, வாயைத் திறக்காமல் டீ குடித்துவிட்டுப் போகிறார். ராத்திரியில் யார் தளர்த்தி வைத்தது என்பதை நான் இங்கே சொல்ல மாட்டேன், புத்தகத்தின் பாதி சுவாரசியமே அதில்தான் இருக்கிறது. 11 வருடமாக பிளவுஸ் தைக்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: மேல் நூல் தளர்ந்தால் கோளாறு துணியின் அடிப்பக்கத்தில்தான் தெரியும், புதிதாகத் தைப்பவர்கள் பாபினைக் கழற்றிக் கழற்றிப் பார்த்து ஏமாறுவார்கள். எழுதியவருக்கு அது சரியாகத் தெரிந்திருக்கிறது. மெஷினில் உட்கார்ந்து கால் வலித்த ஒருவர்தான் இதை எழுதியிருக்க முடியும்.

மாமியாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மகன் செய்த துரோகம் தெரிந்த அன்று அந்த அம்மா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை, மறுநாள் எழுந்து குளித்து, மருமகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். பேப்பரில் போட அவரே விளம்பரம் எழுதுகிறார்: மருமகளுக்கு மாப்பிள்ளை தேவை, மாமியாரும் கூடவே வருவார். நான் இதைச் சத்தமாகப் படித்தேன், ஏனென்றால் என் மாமியாருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் படிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தினமும் ராத்திரி அவருக்கு இரண்டு அத்தியாயம். நான் கொட்டாவி விட்டால் "இன்னாமா நிறுத்திட்ட, மேல படி, அந்தக் கெழவி இன்னா பண்ணுச்சு?" என்பார். விளம்பரம் வந்த இடத்தில் அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல பொம்பள" என்றார். அதற்கு மேல் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

என் கணவர் இறந்து 6 வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு உறவுக்காரர் வரன் ஒன்று கொண்டுவந்து, "உனக்கு வாழ்வு குடுக்க ஒருத்தர் முன்வந்திருக்காரு" என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கடை வாடகை பாக்கி இல்லாமல், பெண்ணைக் காலேஜில் படிக்க வைத்துக்கொண்டு, அத்தையைப் பார்த்துக்கொண்டு நான் வாழ்கிற இதற்கு என்ன பெயர்? அதனால்தான் இந்தப் புத்தகத்தை இத்தனை பேருக்குச் சொல்கிறேன். முழுக்கத் தேடிவிட்டேன், "வாழ்வு கொடுக்கிறேன்" என்ற வார்த்தை ஒரு இடத்தில்கூட வரவில்லை. அந்த மெக்கானிக் கேட்பதெல்லாம், செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு, கோட்டையைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வரலாமா என்பதுதான். அவளுக்கு ஏற்கெனவே ஒரு வாழ்க்கை இருக்கிறது, அதில் ஒரு நாள் சாயங்காலத்தைத் தரச் சொல்லி அவர்தான் கேட்கிறார். அவளும் உடனே தலையாட்டுவதில்லை. கையில் மூன்று கல்யாண பிளவுஸ் இருக்கிறது, அடுத்த செவ்வாய் பார்க்கலாம் என்கிறாள்.

அந்தக் கோட்டை அத்தியாயம் வேலூர்க்காரர்களுக்கு இன்னும் இனிக்கும். அகழி ஓரமாக நடந்து ஜலகண்டேசுவரர் கோயில் வாசலுக்கு வருகிறார்கள். பூக்காரம்மா ஒரு முழம் நீட்டுகிறார், இவள் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறாள். பூக்காரம்மா அழுத்தமெல்லாம் கொடுக்காமல், "சாமியே எத்தினியோ நூறு வருஷம் கழிச்சுத்தான் உள்ள வந்து குந்துச்சு, உனுக்கு இன்னா அவசரம், மெதுவா வாங்கிக்க" என்கிறார். வெளியூர்க்காரர்களுக்காக: கோயில் இருந்தும் கருவறையில் லிங்கம் இல்லாமல் காலம் காலமாகக் கிடந்து, 1981 மார்ச்சில்தான் மறுபடியும் கொண்டுவந்து வைத்தார்கள். அதுவரை அந்த லிங்கம் இருந்தது எங்கள் சத்துவாச்சாரியில். கதாநாயகியும் சத்துவாச்சாரிக்காரி என்பதை எழுதியவர் வாய்விட்டுச் சொல்லாமலே அங்கே வைத்துவிட்டார். கல்யாண வீட்டில் மஞ்சள் குங்குமத் தட்டு நம் பக்கம் வரும்போது அடுத்த நாற்காலிக்குத் தாண்டிப் போகுமே, அது பழகியவர்களுக்கு இந்தப் பூக்காரம்மா பேச்சு எங்கே போய் உட்காரும் என்று தெரியும்.

வாடகைப் புத்தகத்தின் லாபம் என்னவென்றால் ஓரத்தில் எழுதியிருப்பவை. 417-இல் குறைந்தது ஐந்து கையெழுத்து இருக்கிறது. அச்சில் "விதவை" என்று வருகிற இடங்களிலெல்லாம் ஒருவர் பென்சிலால் அடித்து "கைம்பெண்" என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறார். விதவை என்ற எழுத்தில் பொட்டு இல்லை, கைம்பெண் என்று எழுதினால் இரண்டு பொட்டு வைக்கலாம் என்று கலைஞர் சொன்னதாகச் சொல்வார்களே, அந்தக் கை இரண்டு புள்ளியையும் நன்றாக அழுத்தி வைத்திருக்கிறது. இன்னொருவர், தோழி வந்து நிற்கிற பக்கத்தில், "எனக்கும் இதே" என்று மட்டும். அதற்குக் கீழே வேறு மையில், "தைரியமா இருங்க அக்கா". யார் எந்த வருடம் எழுதியதோ, அந்தப் பக்கத்தில் நான் ரொம்ப நேரம் நின்றேன்.

கொழுந்தன் வந்து, நீ வேறு கல்யாணம் செய்தால் வீட்டில் பங்கு கிடையாது என்று மிரட்டுகிற அத்தியாயத்தில் மட்டும் கதை கொஞ்சம் சறுக்குகிறது. அவள் பயந்துபோய் இரண்டு மாதம் மெக்கானிக்கைப் பார்க்காமல் இருக்கிறாள், பிறகு அந்தக் கொழுந்தன் தானாகவே மனம் மாறிவிடுகிறான். மனம் மாற வேண்டிய தேவையே இல்லை. 1856-இல் கைம்பெண் மறுமணத்தைச் சட்டமாக்கியபோது, மறுமணம் செய்தால் முதல் கணவர் சொத்தில் உரிமை போய்விடும் என்றும் அதே சட்டத்தில் எழுதி வைத்தார்கள், ஊரில் இன்னும் அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. 1956-இல் வந்த இந்து வாரிசு உரிமைச் சட்டத்துக்குப் பிறகு, கணவர் இறந்ததும் மனைவிக்கு வந்து சேர்கிற பங்கு அவளுடையதே, பின்னால் கல்யாணம் செய்தாலும் அது திரும்பிப் போகாது. ஒரு வக்கீலைப் பார்க்கிற மாதிரி நாலு வரி எழுதியிருந்தால் படிக்கிற எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும். நான் பென்சிலால் அந்த ஓரத்தில் இதை எழுதிவிட்டேன்.

வேறு குறைகளும் உண்டு. மே மாதம் பாலாற்றில் கால் நனைத்துக்கொண்டு இருவரும் பேசுகிறார்கள். மே மாதத்துப் பாலாறு மணல்தான், 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்தோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பதினேழு வயது மகனின் கோபம், காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் ஒரு டவுன் பஸ் பயணத்திலேயே தீர்ந்துவிடுகிறது, என் பெண்ணுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. தோழி ஏன் அப்படிச் செய்தாள் என்பதற்கு ஒரே ஒரு பக்கம். மெக்கானிக்குக்குக் கோபம் என்பதே வருவதில்லை, ஒரு தடவையாவது வந்திருக்கலாம்.

கடையைப் பற்றி: பெயர்ப்பலகை கிடையாது. முன்பணம் 300 ரூபாய், ஒரு வாரத்துக்குப் புத்தகம் ஒன்றுக்கு 15 ரூபாய் வாங்குகிறார்கள். மதியம் 1 முதல் 4 வரை ஷட்டர் இறக்கிவிடுவார்கள், வேலூர் வெயிலில் அந்த நேரத்தில் போய் ஏமாறாதீர்கள். தூசி அதிகம், ஒரே ஒரு ஃபேன். ஆனால் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கு எந்தப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது என்று நோட்டைப் பார்க்காமலே தெரியும், அழ வைக்காத கதையாகக் கொடுங்கள் என்று ஒரு தடவை சொன்னால் அடுத்த முறை தானாகவே எடுத்து வைத்திருப்பார்.

இன்னொன்று. 417-இன் கடைசித் தாளும் கிழிந்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு கோடு போட்ட நோட்டுத் தாளை ஒட்டி, நீல மையில் யாரோ முடிவை எழுதியிருக்கிறார்கள். பழைய முடிவை ஞாபகம் வைத்து எழுதினார்களா, தங்களுக்கு வேண்டியதை எழுதினார்களா என்று அண்ணனைக் கேட்டேன், சிரித்தார். அதில் கல்யாணம் நடக்கவில்லை. மெக்கானிக் வருகிறார், ஸ்க்ரூ சரியாகத்தான் இருக்கிறது, மாமியார் மூன்று டம்ளரில் டீ கொண்டுவருகிறார். அத்தை அதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

வியாழக்கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாசலிலிருந்து இரண்டாவது அலமாரி, கீழ்த் தட்டு. அங்கே இல்லையென்றால் நோட்டில் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள், வரிசை இருக்கிறது.