வால்யூம் பெடலில் பஃபர்: முன்னாலா, பின்னாலா?

வீட்டில் செய்த கிடார் வால்யூம் பெடலுக்குள் பெரும்பாலும் இருப்பது ஒரு 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரும் (சுருக்கமாகப் பொட்; திருகினால் மாறும் மின்தடை) இரண்டு ஜாக்கும்தான். பேட்டரி வேண்டாம். ஆனால் பெடலைப் பாதிக்கு இறக்கினால் சத்தம் குறைவதோடு நிற்பதில்லை, கம்பளி போர்த்தியது போல மங்கியும் விடுகிறது. காரணம், அடுத்து வரும் கேபிள். அதன் கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்குத்திறன்) மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்தால் 6 மீட்டர் கேபிளில் 600. சிக்னல் பாதியாகும் இடத்தில் பெடலின் அவுட்புட் மின்தடை 62 கிலோ ஓமைத் தாண்டும். இரண்டும் சேர்ந்து 4,200 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே டிரெபிளை, அதாவது உயர் சுருதி ஒலிகளை, சரிக்கத் தொடங்கும். பிக் கம்பியில் படும் அந்த 'டிக்' ஒலிதான் முதலில் போகும்.

இதற்கு மருந்து பஃபர்: சிக்னலைக் கூட்டாமல், முன்னால் இருப்பதற்குச் சுமை தராமல், குறைந்த மின்தடையோடு அடுத்ததற்குக் கொடுக்கும் சிறு சுற்று. அதைப் பொட்டுக்குப் பின்னால் வைப்பது சுலபம். இருக்கும் பொட் அப்படியே இருக்கலாம். பொட்டுக்கும் பஃபருக்கும் இடையே சில சென்டிமீட்டர் ஒயர்தான் என்பதால் பாதி நிலையின் மங்கல் தீர்ந்துவிடும். ஆனால் பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் கிடாரின் காந்தச் சுருள்) இன்னும் அந்த 250 கிலோவைச் சுமக்கிறது. முழுதாக மிதித்தாலும், கிடாரை நேரே ஆம்பில் செருகும்போது இருக்கும் பளிச்சென்ற ஒலி வராது.

என் ஓட்டு முன்னால் வைப்பதற்குத்தான். பிக்கப்புக்கு 1 மெகா ஓம் மட்டுமே தெரியும், அது நிம்மதியாக இருக்கும். ஆனால் பொட்டையும் 25 கிலோவாக மாற்றியே ஆக வேண்டும். அப்போது பாதி நிலையில் அவுட்புட் மின்தடை 6 கிலோ சொச்சம்தான். அதே கேபிளோடு 42,000 ஹெர்ட்ஸ் வரை கவலையில்லை. பழைய 250 கிலோவையே விட்டுவைத்தால் பாதி நிலையில் அதே மங்கல் இருக்கும், பஃபர் போட்டும் பயனில்லை என்று தோன்றும்.

இரண்டு பக்கமும் வைக்கலாமா? பெடலின் பல்சக்கரத்தோடு பிணைந்த பொட்டை மாற்ற முடியாதென்றால் வைக்கலாம். டிஎல்072 சிப்பில் இரண்டு ஆப்-ஆம்ப் (ஒவ்வொன்றும் ஒரு பஃபராகும் பெருக்கிச் சுற்று) இருப்பதால் தனிச் செலவில்லை. 25 கிலோ பொட் என்றால் இரண்டாவது தேவையே இல்லை.

ஜேஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டர் ஒன்றாலும் பஃபர் செய்யலாம், பாகங்கள் குறைவு. ஆனால் ஒரு ஜேஃபெட் போல இன்னொன்று இருக்காது, சிக்னலும் ஒரு துளி குறையும். அதனால் டிஎல்072தான் என் கைக்கு வரும். 9 வோல்ட்டைப் பாதியாக்கி 4.5 வோல்ட்டில் பயாஸ் (சிப் வேலை செய்யத் தேவையான நிலையான மின்னழுத்தம்) கொடுக்கிறோம் இல்லையா, அந்த டிசி பொட்டுக்குப் போகாமல் நடுவில் ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கட்டாயம். முதல் முறை அதை விட்டுவிட்டேன். பாதத்தை அசைக்கும்போதெல்லாம் கரகரவென்றது. பொட்டில் அழுக்கு என்று நினைத்து அதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய வகை ஜெர்மானியம் ஃபஸ் (ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் பெடல்) வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்கவும். அது பிக்கப்போடு நேரடியாகப் பேச விரும்பும். நடுவில் பஃபர் வந்தால் ஒலி கூர்த்துக் கடுக்கும். ஃபஸ்ஸுக்குப் பின்னால் பெடலை வைத்தால் சிக்கலில்லை. ஃபஸ்ஸுக்கு முன்னால்தான் வேண்டும், பாதத்தை இறக்கும்போது கிடாரின் வால்யூமைக் குறைத்தது போல அது தெளிய வேண்டும் என்றால், பஃபரே இல்லாத அந்தப் பழைய 250 கிலோ பெடல்தான் சரி.